முந்தானைக்குள் பார்த்த படங்கள்

பேய்ப் படம், கொலைப் படம், அடிதடிப் படம் என்றால் எனக்கு உயிர் என்று என் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அது சுத்தப் பொய் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. பொய்யைத் தொடங்கி வைத்தவள் நான். அவர் அதை நம்பி வளர்த்தார், அவ்வளவுதான்.

கல்யாணமான இரண்டாவது மாதம் அது. அம்பகரத்தூரிலிருந்து தலத்தெருவுக்கு வாழ வந்த புதிது. பதினெட்டு வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு, யாராவது பேர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும் என்று அவர் முகத்தைப் பார்க்கிற குணம். வரிச்சிக்குடிப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகையில் படம் ஓடியது. சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனார். கொட்டகைக்குள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு மண்சுவர். அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். நான் முன்பின் தெரியாத பெண்களுக்கு நடுவில் மணலில் உட்கார்ந்தேன்.

மலைமேல் ஒரு பங்களா வந்தது. இடி இடித்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு மாடிப்படியில் நின்றாள். அவள் முகத்தைத் திருப்பப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். இடைவேளைக்கு ஒரு தடவை எடுத்தேன். மறுபடி எடுத்தபோது கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள்.

திரும்பும் வழியில் அவர் கேட்டார், "பயந்துட்டியா?"

"இல்லையே. நல்லா இருந்துச்சு."

ஆசையாக அழைத்துப் போனவரிடம் வேறு என்ன சொல்வது? அவர் வீட்டுக்குப் போய் மாமியாரிடம் பெருமையாகச் சொன்னார். மறுநாள் கொல்லையில் மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னார். அதன்பிறகு காரைக்காலிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு பேய் வந்து நான் போகாமல் இருந்ததில்லை. நல்ல குடும்பப் படம், சாமிப் படம் வந்தால் அவர், "உனக்குத்தான் இதெல்லாம் புடிக்காதே" என்று எனக்காக விட்டுக்கொடுத்துவிடுவார்.

அப்படி நான் முந்தானைக்குள்ளேயே எத்தனையோ படங்கள் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லக் கூடாது, கேட்டேன். கதவு கிறீச்சிட்டால் எத்தனை அடி நடந்த பிறகு அலறல் வரும் என்று எனக்குத் தெரியும். அலறியது யார், எதைப் பார்த்து அலறினாள் என்று தெரியாது. சண்டைப் படத்தில் ரத்தம் வரும், எனக்கு ரத்தம் பார்த்தால் தலை சுற்றும், அதனால் அதற்கும் முந்தானைதான். ஆண்கள் பக்கத்திலிருந்து விசில் வந்தால் கதாநாயகன் அடிக்கிறார், வராவிட்டால் வாங்குகிறார். வீடு திரும்பும்போது அவர், "அந்த எடம் எப்புடி?" என்பார். "ஆமா, அந்த எடம்" என்பேன் நான். எந்த இடம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குடும்பம் நன்றாகவே நடந்தது.

இப்போது எனக்கு எழுபத்தொன்று. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், பேரன் சென்னையில் படிக்கிறான். பகல் முழுக்க வீட்டில் நானும் சுவரளவு பெரிய ஒரு டிவியும்தான். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு வேண்டிய படத்தின் பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று மருமகள் சொல்லிக்கொடுத்தாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் எனக்கு அதனிடம் பேச வெட்கம். வீட்டில் ஒருவரும் இல்லை, வாசல் கதவு சாத்தியிருக்கிறது, கையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதனிடம் "பேய்ப் படம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது தானாகக் காட்டிய அபிஷேகங்களையே நாலு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெட்கத்தைத் தீர்த்து வைத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. கத்தோலிக்கக் குடும்பம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகள் பிரான்சில். குரல் எடுத்தால் தெருமுனை ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்ப்பார். எனக்குப் பேச்சு வராது, அவருக்கு நிறுத்த வராது, அதனால் எங்களுக்குள் நல்ல பொருத்தம். ஒரு மத்தியானம் வந்தவர், நான் அபிஷேகம் பார்ப்பதைக் கண்டு, ரிமோட்டை வாங்கி, "பழைய தமிழ் பேய்ப் படம்" என்று வார்டில் ஆயாவைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார். கட்டம் கட்டமாகப் படங்கள் வந்து நின்றன. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்த பேர்கள். யாருக்கும் ஞாபகம் இல்லாத படங்கள், ஒரு வாரம் ஓடிப் பெட்டிக்குள் போனவை. எல்லாவற்றையும் நான் காதால் பார்த்திருக்கிறேன்.

"இதெல்லாம் நான் பாத்துருக்கேன்க்கா" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா?"

என்னை யாரும் அப்படி வியந்து பார்த்ததில்லை. அந்தப் பார்வை எனக்குப் பிடித்துப் போயிற்று. அங்கேதான் வினை தொடங்கியது.

அதிலிருந்து தினம் இரண்டு மணிக்கு அக்கா வருவார். நான் முன்னறிவிப்பு கொடுப்பேன். "இப்ப நாய் குரைக்கும் பாருங்க." குரைக்கும். "இப்ப கண்ணாடி ஒடையும்." உடையும். அக்காவுக்கு ஒரே மரியாதை. நான் அவருக்குச் சற்றுப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, ஆபத்தான நேரத்தில் முந்தானையை எடுத்துக்கொள்வேன். ஆனால் வீட்டில் கட்டுவது பழைய நூல் சேலை, அதன் வழியாகக் கொஞ்சம் தெரியும். வீட்டு ஜன்னலில் வெயில் வேறு அடிக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் துணிச்சல் வந்து, நூற்றுக்கு அறுபது எழுபது பங்காவது பார்க்கத் தொடங்கினேன். நாற்பது வருஷமாக என் காதுக்குள் இருந்து சில நாள் தூக்கத்தில்கூட வந்துபோன ஓர் அலறல், காமெடியன் வாளிக்குள் கால் விட்டுக்கொண்டதால் வந்தது என்று அறுபத்தொன்பதாவது வயதில் தெரிந்துகொண்டேன். கொடூரமான வில்லன் என்று நான் குரலை வைத்து முடிவு கட்டியிருந்தவர் கதாநாயகியின் அப்பா.

அக்காவுக்கு ரத்தம் ஒரு பொருட்டில்லை. "அந்த எடத்துல குத்துனா அவ்ளோ ரத்தம் வராது" என்று கொலைகாரனைத் திருத்துவார். யாராவது மயங்கி விழுந்தால், "கால தூக்கி வைங்கப்பா" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். எங்களுக்குள் சில விதிகள் உண்டு. வெள்ளிக்கிழமை எனக்குப் பேய் ஆகாது, அன்றைக்குச் சண்டைப் படம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் வர மாட்டார். தவக்காலத்தில் கறி சாப்பிட மாட்டார், ஆனால் கொலை பார்க்கலாம் என்று அவரே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, தொடங்கிய பேய்ப் படத்தை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். பேய் அடங்குவதைப் பார்க்காமல் டிவியை நிறுத்தினால் அது வீட்டிலேயே தங்கிவிடும். ஒருநாள் பாதியில் கரண்ட் போய்விட்டது. நான் டிவிக்கு மேலே வேப்பங்கொத்து செருகினேன். அக்கா கோவிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து தாராளமாகத் தெளித்தார். பேய் என்ன ஆனதோ, ரிமோட் செத்துப் போயிற்று.

புது ரிமோட் வாங்கி வந்த மகன் டிவியைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். நாங்கள் பார்த்ததை எல்லாம் அது ஞாபகம் வைத்துக்கொண்டு, இந்த வீட்டுக்கு இதுதான் பிடிக்கும் என்று வரிசையாக ரத்தம் சொட்டும் முகங்களாக அடுக்கி வைத்திருந்தது. அவன் மருமகளைப் பார்த்தான். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் வேப்பங்கொத்தைப் பார்த்தேன்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது பிரான்சிலிருந்து அக்காவின் மகள் வந்தாள், அம்மாவைத் தன்னோடு நிரந்தரமாக அழைத்துப் போவதற்கு. வயதாகிறது, தனியாக விட முடியாது என்றாள். நியாயம்தான். அடுத்த வாரம் சனிக்கிழமை காலை கார் என்று முடிவாயிற்று. "நல்லபடியா போய்ட்டு வாங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். வரப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம்தான் டிவி அந்தப் படத்தைக் காட்டியது. மலைமேல் பங்களா, வெள்ளைச் சேலை. நான் முதன்முதலில் முகத்தை மூடிக்கொண்ட படம். அக்கா ஊரை விட்டுப் போகிற வருத்தமோ என்னவோ, அன்றைக்கு எனக்குப் பெருமை அளவுக்கு மீறிப் போய்விட்டது. "இது நான் கல்யாணமான புதுசுல பாத்ததுக்கா. கடைசி வரைக்கும் எனக்கு அத்துப்படி" என்றேன்.

பங்களாவின் சொந்தக்காரர் செத்துக் கிடக்கிறார். வீட்டில் ஒரு டாக்டர், ஒரு சமையல்காரர், சொத்துக்கு வாரிசான ஒரு பெண். மாடியில் வெள்ளைச் சேலை நடக்கிறது. கொன்றது யார்? அக்காவுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. "டாக்டர்தான். டாக்டருங்கள எனக்குத் தெரியும்" என்றார். நான் எல்லாம் தெரிந்தவள் மாதிரி சிரித்தேன். வாரிசுப் பெண் விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக் கதவைத் திறந்தாள். அத்தோடு படம் நின்றது. "முதல் பாகம் முற்றும்" என்று எழுத்து வந்தது.

இரண்டாம் பாகத்தைக் காணவில்லை. அக்கா அந்தப் பிளாஸ்டிக் துண்டிடம் கெஞ்சியும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். சாயங்காலம் மருமகளும் தன் போனில் தேடிவிட்டு, "அத்தை, மிச்சத்த யாரும் போடலை. கீழ கமெண்ட்ல ஆறு வருஷமா ரெண்டாம் பாகம் எங்கேன்னு எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

அக்கா அன்றைக்குப் புறப்படும்போது, "பரவால்ல, நீதான் இருக்கியே. நாளைக்கு வந்து ஒக்காந்து கேக்குறேன், ஒன்னு விடாம சொல்லு. இது தெரியாம நான் ப்ளேன்ல ஏற மாட்டேன்" என்றார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: இரண்டு துப்பாக்கிச் சத்தம், நாய் குரைப்பு, யாரோ படியில் உருண்டது, ஒரு பெண்ணின் அழுகை, பக்கத்திலிருந்த அம்மாள், "அட படுபாவி" என்றது. படுபாவி யார் என்று அந்த அம்மாளிடம் அன்றைக்கே கேட்டிருக்கலாம். வெட்கம்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் என்னை வியந்து பார்த்த ஒரே ஆள் அவர். கிளம்பும் நேரத்தில் அந்தப் பார்வையைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. வியாழக்கிழமை தலைவலி என்றேன். வெள்ளிக்கிழமை விரதம், படுத்திருக்கிறேன் என்றேன். சனிக்கிழமை மகன் வீட்டில் இருக்கிறான் என்றேன், அவன் இருந்தால் அக்கா வராத மாதிரி. அக்கா வாசலிலேயே நின்று, "ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படுத்துக்கொண்டே யோசித்ததில் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். அந்தக் கீற்றுக் கொட்டகையில் படம் ஓட்டிய ஆபரேட்டர். என் வீட்டுக்காரருக்குப் பழக்கம், வீட்டுக்காரர் காரியத்துக்குக்கூட வந்திருந்தார். இன்னும் வரிச்சிக்குடியில்தான் இருக்கிறார். அவரைப் போய்க் கேட்டுவிட்டால் அக்காவுக்கு முடிவும் கிடைக்கும், என் மானமும் தப்பும்.

திங்கட்கிழமை காலை எல்லாரும் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஒரு சீப்புப் பூவன் பழம், இரண்டு முழம் பூ, வெற்றிலை பாக்கு எல்லாம் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாரோ இறங்கியபோது நானும் இறங்கி, வயலோரமாக அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தேன்.

ஆபரேட்டரின் மனைவி கதவைத் திறந்தார். என்னையும் பார்த்தார், பையில் எட்டிப் பார்த்த பூவையும் பழத்தையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க வாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா தயாரா இருந்துருப்போமே" என்று உள்ளே அழைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதையான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். ஆபரேட்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். உள்ளே ஏதோ கிசுகிசுப்பு. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் பட்டுச் சேலை மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு காப்பித் தட்டோடு வந்து நின்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வயதான பொம்பளை பூவும் பழமும் வெற்றிலையுமாக வந்தால் யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்? அந்த இடத்திலேயே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் காப்பியை எடுத்துக் குடித்தேன்.

"பையன் என்ன பண்றாரு?" என்றார் அந்த அம்மாள்.

நம்மிடம் இருக்கிற ஒரே பையன் பேரன்தான். "படிச்சிக்கிட்டு இருக்கான்."

"பெரிய படிப்பா? வயசு என்னங்க?"

"பத்தொம்போது."

அந்தப் பெண்ணுக்கு எப்படியும் இருபத்தாறு இருக்கும். தட்டில் தம்ளர்கள் கிணுகிணுத்தன. அழுகையா சிரிப்பா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பேரனுக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிடும் என்று தோன்றியது. ஆபரேட்டரைப் பார்த்து, "நான் அதுக்கு வரலைங்க. அந்த மலை பங்களா படத்துல யாரு கொன்னதுன்னு கேக்க வந்தேன்" என்றேன்.

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவள் பாட்டி சிரிக்கவில்லை. ஆனால் ஆபரேட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. வெள்ளைச் சேலையிலிருந்து தொடங்கி ரீல் ரீலாகச் சொல்லிக்கொண்டே வந்து, "டாக்டர்தான் கொன்னது" என்றார்.

"டாக்டரு எங்க கொன்னாரு? சமையக்காரன்ல" என்றார் மனைவி, கோபம் ஆறாமலே.

"ஓட்டுனது நானா நீயா?"

"நீங்க ரூமுக்குள்ள ஒக்காந்து பீடி குடிச்சிக்கிட்டு இருந்தீங்க. மணல்ல ஒக்காந்து பாத்தது நான்."

அரை மணி நேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி ரீல் அறுந்து போய் ஒட்டி ஒட்டி ஓட்டியது, சில நாள் பத்து நிமிஷம் குறைத்தே ஓட்டிவிடுவேன் என்று ஆபரேட்டர் போகிறபோக்கில் ஒத்துக்கொண்டார். கிளம்பும்போது அந்த அம்மாள் பூவை வைத்துக்கொண்டு பழத்தில் பாதியைத் திருப்பி என் பையில் போட்டார். முகம் இன்னும் சரியாகவில்லை. பேத்திதான் பஸ் வரைக்கும் துணைக்கு வந்து, கையைக் காட்டி நிறுத்தி, என்னை ஏற்றிவிட்டாள். நல்ல பெண். பேரனுக்கு ஏழு வயது கூட இருந்திருந்தால் பேசி முடித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நானே அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் வெளியே போயிருந்தாள். கூடத்தில் பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. இரண்டு முடிவில் ஒன்றைச் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துப் போனேன். ஆனால் அக்கா என்னைக் கண்டதும் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, "தலவலி விட்டுச்சா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நர்ஸ் கை. அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. முந்தானையில் தொடங்கி வரிச்சிக்குடிக் காப்பி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

காப்பித் தட்டு வந்த இடத்தில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

"அப்ப வெரதம், ஒடம்பு சரியில்ல, மவன் இருக்கான்னதெல்லாம் இதுக்குத்தானா?"

நான் தலையாட்டினேன்.

"யாரு கொன்னா எனக்கென்னடி? அந்தப் படத்த நான் கேட்டேனா? போறதுக்குள்ள ஒன்னோட எட்டு மத்தியானம் இருந்துச்சு. பாதிய நீ தின்னுட்ட."

என் மானத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கணக்கு அதுவரை தோன்றவே இல்லை. அக்கா ஒரு சேலையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சரி, பாவசங்கீர்த்தனம் சொல்லிட்ட" என்றார் கடைசியில். "எங்க கோயில்ல அதுக்கு அபராதம் குடுப்பாங்க, தெரியும்ல? ஒனக்கு மூணு படம். நாளைக்கு, நாளாண்ணைக்கு, வெள்ளிக்கிழம. கண்ணத் தொறந்துக்கிட்டுப் பாக்கணும். முந்தானி இடுப்புல சொருகியிருக்கணும்."

புதன்கிழமை கொலைப் படம். முந்தானையைச் சொருகிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்துகொண்டு, டிவிக்குப் பக்கத்தில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் அக்கா கண்டுபிடித்து எழுந்து போய்க் காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டார். வியாழக்கிழமை சண்டைப் படம். ரத்தம் வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது ரத்தமில்ல, ரத்தம் இவ்ளோ செவப்பா இருக்காது, முப்பது வருஷம் பாத்தவ சொல்றேன்" என்றார். தலை சுற்றவில்லை. அந்தக் கதாநாயகன் அவ்வளவு அடி வாங்குவார் என்று எனக்குத் தெரியாது. விசில் சத்தத்தை நம்பி ஏமாந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பேய்தான் என்றார் அக்கா. அம்பகரத்தூர் காளியிடம் மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சரி என்றேன். ஒரு கிராமம், பாழுங்கிணறு, அதற்குள் விழுந்து செத்துப்போன மருமகள். காதால் கேட்டு என்னை வருஷக்கணக்கில் கொல்லைப் பக்கம் தனியாகப் போகவிடாமல் செய்த படம். கிணற்றங்கரையில் அந்தப் பேய் முதல்தடவை முகத்தைத் திருப்பியது. நான் கண்ணை மூடவில்லை. முகம் நிறைய மாவு அப்பியிருந்தார்கள். பாவம், பசித்த முகமாக ஒரு பெண். கையை நீட்டினாள், மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருந்தாள்.

"நிறுத்து, நிறுத்து" என்றார் அக்கா. படத்தை நிறுத்திவிட்டு டிவிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"மணி பத்தே காலுக்கா."

"பகல்ல வந்து நிக்கிது பாரு மானங்கெட்ட பேய்" என்றார். இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே மகள் வாசலில் வந்து கூப்பிட்டாள். சொல்லிக்கொண்டு போக உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்களாம், கோவிலிலிருந்தும் ஆள் வந்திருக்கிறதாம். அக்கா எழுந்தார். "நீ முடிச்சிட்டு வந்து சொல்லு" என்றார்.

தனியாக உட்கார்ந்து முடித்தேன். முந்தானை இடுப்பில்தான் இருந்தது. சாயங்காலம் போனபோது அவர் வீடு நிறைய ஆட்கள், வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். காலையில் காரைச் சுற்றியும் கூட்டம். அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு எங்கே பேச்சு வரும்? காருக்குள்ளிருந்து அக்கா தன் வழக்கமான குரலில், "போன்ல சொல்லு" என்றார். கூட்டம் முழுக்கத் திரும்பி, எதைச் சொல்ல என்பது போல என்னைப் பார்த்தது.

போய் நாலாம் நாள் போன் வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை என்று வீட்டில் இருந்த மருமகள் எடுத்து முகம் தெரிகிற மாதிரி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அக்கா கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சின்ன உருவமாகத் தெரிந்தார். இங்கே மத்தியானம், அங்கே காலை. குளிர்தான், ஆனால் நல்ல வெயில் என்று ஜன்னலைக் காட்டினார். மற்ற விசாரிப்பெல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

"கண்ணால பாத்தியா?"

"கண்ணால பாத்தேன்க்கா."

"அப்ப சொல்லு."

சொன்னேன். அக்கா எழுந்து போன இடத்திலிருந்து, மாமியார் கிணற்றை மூடச் சொன்னது, மூடிய பலகை ராவோடு ராவாக நகர்ந்தது, வாளி தானாக மேலே ஏறி வந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். நான் அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பேசி மருமகள் கேட்டதே இல்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். நான் நிறுத்தவில்லை. வாளிக்குள்ளிருந்து மாமியார் பேரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் வருகிற இடத்தில் அந்தக் குரலிலேயே கூப்பிட்டுக் காட்டினேன்.

"இரு, இரு" என்றார் அக்கா. பின்பக்கம் ஒருதடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "மவ கடைக்குப் போயிருக்கா. அவ வந்ததும் மிச்சத்தச் சொல்லு."